கொடைக்கானலைப் பார்த்து வைத்த ஆன்டெனா

அப்பா எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் பட்டாளத்தில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. அவன் குரலையாவது கேட்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே ஆசை.

ராஜபாளையத்தில் நான் பேண்டேஜ் துணி சுற்றப்போன கம்பெனியின் முதலாளி வீடு எங்களுக்கு எதிர்வீடு. அங்கே புதிதாகக் கார்ட்லெஸ் போன் வாங்கியிருந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணன் அதில் கூப்பிடுவான். முதல் ஞாயிறு, அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் வாசல்படியில் கால் வைத்ததும் கொர்ரென்று இரைந்து குரல் போய்விட்டது. அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

அடுத்த ஞாயிறு வரை அப்பா இருப்பாரா என்று பயமாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானமே சோதித்துப் பார்த்தோம். டி.வி. ஆன்டெனா திருப்புகிற மாதிரிதான். முதலாளியம்மா அங்கே போனை வைக்கிற, ஆன்டெனா நீட்டிய பெட்டியை நகர்த்தி நகர்த்திக் கேட்க, நான் கட்டிலருகே போனைக் காதில் வைத்துக்கொண்டு பதில் கத்தினேன்.

"இப்போ கேக்குதா பிள்ள?"

"இல்லக்கா, கொர்ருங்குது!"

உயரமாக இருக்கட்டும் என்று இரும்பு பீரோ மேல் வைத்தார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டு டி.வி. ஆன்டெனாவும், டி.வி. டவர் இருக்கிற கொடைக்கானல் பக்கம்தான் பார்த்து நிற்கும். நானும், "வடக்க சாய்ச்சு வைங்கக்கா, கொடைக்கானலப் பாத்து!" என்றேன். இரைச்சல் கூடியது.

அப்பா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "ஏட்டி, வாரது டி.வி. செய்தியா, எம்புள்ள குரலா? பெட்டி எதுத்த வீட்லல்லா இருக்கு. கொடைக்கானல் எதுக்குட்டி?"

பிறகுதான் பெட்டியைப் பீரோவிலிருந்து இறக்கி, தெருப்பக்க ஜன்னலில் ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வைத்தோம். இங்கே அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்த கட்டிலை, அப்பா வலியில் முனக முனக, ஜன்னலோரம் இழுத்தேன். பட்டனை அமுக்கினால் 'டூ' என்று சுத்தமாகக் கேட்டது.

ஞாயிறு பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. போன் அடிக்கவில்லை. அப்பாவுக்கு இரவெல்லாம் மூச்சு இழுத்ததில் பேச்சு அடங்கியிருந்தது. பத்தரைக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. போனை அப்பா காதில் வைத்தேன்.

"அப்பா... அப்பா... நல்லாருக்கியளா?"

பக்கத்தில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. அப்பாவின் உதடு அசைந்தது. கர் கர்ரென்று மூச்சுதான் வந்தது.

"என்னப்பா, லைன் ஒரே இரைச்சலா இருக்கு? ஏட்டி, ஆன்டெனாவச் சரியா வைக்கச் சொல்லுட்டி!"

"சரிண்ணே, இந்தா வைக்கச் சொல்லுதேன்" என்றேன். எதையும் நகர்த்தவில்லை. அவன் வைக்கும்வரை போனை அப்பா வாயருகே பிடித்துக்கொண்டே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா போய்விட்டார். காரியத்துக்குத்தான் அண்ணனால் வர முடிந்தது. "அன்னைக்கு மட்டும் லைன் நல்லாருந்தா அப்பா குரலக் கேட்ருப்பேன்" என்று இன்னமும் சொல்கிறான். லைன் நன்றாகத்தான் இருந்தது, நீ கேட்டது அப்பாவின் மூச்சு என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.