பச்சை பூசாத கரிசல்

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு காலண்டர் அச்சகத்துக்கு நான் வாட்டர்கலர் படம் வரைந்து கொடுத்தேன். எல்லாம் ஒரே இயற்கைக் காட்சிதான். பச்சை மலை, ஓடை, புகை வருகிற குடிசை, மரத்தடியில் புல்லாங்குழலோடு ஓர் ஆட்டுக்காரன். கீழே என் பேர் வராது. பொம்பளை பேர் போட்டால் ராசியில்லையாம்!

ஒரு வருஷம் முதலாளி அண்ணாச்சி, "அட்டைப்படம் நீயே சொந்தமா ஒண்ணு போடும்மா, பேரும் போட்டுக்கிடலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அச்சில் என் பேரைப் பார்க்க அப்படி ஓர் ஆசை.

நேரே எங்கள் காட்டுக்குப் போனேன். பருத்தி எடுத்து முடிந்த கரிசல். உரத்துக்காகக் கிடை போட வந்த செம்மறிகள் மத்தியான வெயிலில் நின்றன. ஒதுங்க மரமில்லை. ஒன்றன் வயிற்றடியில் இன்னொன்று தலையைச் செருகியிருந்தது. அதைத்தான் வரைந்தேன். சவம், டியூப் பெயிண்ட் கறுப்பில் உயிரே இல்லை. கரிசல் மண்ணையே சலித்து, கருவேலம்பிசினில் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் படத்துத் தரையும் எங்கள் காடு மாதிரியே பாளம் பாளமாக வெடித்துவிட்டது. கெட்டதென்றா நினைத்தேன்? குதித்தேன்!

அண்ணாச்சி முகம் சுளித்தார். "என்னம்மா எழவு இது? ஆட்டுக்குத் தலையே இல்ல. மேய்ப்பன்னா நிம்மதி, ஓடைன்னா செழிப்பு. சனங்க அதைத்தான் செவுத்துல மாட்டுவாங்க."

"இங்கன ஓடைய எங்க பாத்தீங்க அண்ணாச்சி? ஒங்க மேய்ப்பன் குழல் ஊதிக்கிட்டு உக்காந்தா ஆடு அடுத்தவன் வெள்ளாமையில எறங்கிரும். பெறவு அருவாதான் பேசும்."

"தரைய மட்டும் பச்சையாக்கிரு. பேரு போடுதேன்." பிரஷைப் பச்சையில் முக்கி அவரே நீட்டினார்.

ஆசை விடவில்லை, பொய் சொல்வானேன். வாங்கினேன். அடியோரத்து வெள்ளையில் என் பேரைப் பெரிசாக எழுதினேன்.

"இப்படியே போடுதீங்களா?"

"இதை எவன் வீட்டுல மாட்டுவான்?"

"நான் மாட்டுவேன்." படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வருஷக் காலண்டரிலும் பச்சை மலைதான். ஓசியில் வந்ததைத் திருப்பி அனுப்பினேன். எங்கள் வீட்டுக் காலண்டர் ஆணியில் என் படம் தொங்கியது. ராகுகாலம் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா திகைத்துப்போய் நின்றாள்.

"ஏட்டி, இதுல தேதி எங்க?"

"தேதிய உங்க வீட்டுல பாருங்கக்கா. இங்கன பச்சையா இருக்கது என் பேரு."