மிளகுக்குப் பயந்தவர்

தக்காளியை வெட்டுவதற்கு முன் அவர் அதைக் காதருகே கொண்டுபோய் விரலால் தட்டிப் பார்க்கிறார். தேங்காய்க்குச் செய்வதைத் தக்காளிக்குச் செய்கிற இன்னொரு மனிதரை நான் கண்டதில்லை. "என்னண்ணே சொல்லுது?" என்று கேட்டால், "பழக்கம் தம்பி. சத்தம் கேக்காம எதுலயும் கை வைக்க மாட்டேன்" என்கிறார். லிப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் நின்று, இரும்புக் கயிறு ஓடும் சத்தத்தைக் கேட்டே தலை நரைத்தவர்.

எனக்குப் பக்கத்து வீடு. மொட்டை மாடிக்குப் படியேறித்தான் போவார். லிப்ட் இருக்கிறதே என்றால், "அதை வேற கம்பெனிக்காரன் பாக்குறான். என்னத்தப் பாக்குறானோ!" என்பார். மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் தக்காளிச் செடிகள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி, குச்சிக்கு இரண்டு கட்டு. "ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கணும்ல." அணிலுக்கு வலை, அந்த வலையை நம்பாமல் மேலே இன்னொரு வலை. மழை பெய்தால் அழுகிவிடும், பெய்யாவிட்டால் வாடிவிடும். இரண்டுக்கும் ஒரே முகம்தான் வைத்திருக்கிறார். "இந்த மனுஷன் ஊஞ்சல்ல உக்காரணும்னா முதல்ல கயித்தை இழுத்துப் பாப்பாரு, அப்புறம் கொக்கியப் பாப்பாரு, அப்புறம் நின்னுக்கிட்டே இருப்பாரு" என்று அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவார்.

தக்காளியைத் தின்னும் விஷயத்தில் மட்டும் அந்த வீட்டில் கவலை இருந்ததில்லை. செடியிலிருந்து இறங்கிய பழம் ஃபிரிட்ஜ் பக்கம் போகக்கூடாது. வெயில் சூடு ஆறும் முன் கனமான வில்லைகளாக வெட்டி, உப்புத் தூவி, சாறு விடும்வரை பொறுத்திருந்து, இரண்டு சொட்டு எண்ணெய், கடைசியில் அப்போதே இடித்த மிளகு. மிளகு அண்ணியின் இலாகா. சிவப்பு தெரியாத அளவுக்குப் போடுவார். தட்டின் அடியில் தேங்கும் சாற்றுக்குச் சண்டை நடக்கும். "போன தடவ நீங்கதான குடிச்சீங்க?" என்பது சுவரைத் தாண்டி எனக்கே கேட்கும்.

போன மழைக்காலத்தில் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சில் பெரும்பாதி போயிற்று. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை தொண்டை. விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. ஒருமுறை வெறும் தண்ணீர் அப்படி இறங்கி, நுரையீரல் கெட்டு, பிழைப்பாரா என்று ஆகிவிட்டது. அன்று முதல் எல்லாமே மசித்த சாப்பாடு. அண்ணி அதை இடது கையால் தள்ளிவிடத் தொடங்கினார். ஆள் பாதியாகிவிட்டார். வாயால் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொன்னபோது, "என்னதான்மா வேணும் உனக்கு?" என்று இவர் கெஞ்சினார். அண்ணி விரலை மேலே, மாடியை நோக்கிக் காட்டினார்.

விழுங்கப் பயிற்சி கொடுக்க வரும் பெண் வாழைப்பழத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தக்காளிக்குச் சம்மதித்தாள். தோல் கூடாது, விதை கூடாது, சாறு கூடவே கூடாது. மிளகு? "சில பேருக்குக் காரம் பட்டா நல்லா விழுங்குவாங்க, சில பேருக்கு இருமல் வந்துடும். நீங்களே பாத்து முடிவு பண்ணிக்கங்க." இந்த மனிதரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். "ஆம்புலன்ஸ் நம்பர எடுத்து வச்சுக்கங்க தம்பி. கூப்பிட வேணாம். சும்மா எடுத்து வச்சுக்கங்க." பழத்தை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்தார். ஸ்பூன் காம்பால் விதையை வழித்தார். சதையைச் சுண்டுவிரல் நகமளவு நறுக்கி, துணியில் ஒற்றினார். உப்புப் போட்டார், சாறு கசிந்தது, மறுபடி ஒற்றினார், மறுபடி கசிந்தது. அவர் நெற்றியும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து தட்டைப் பார்த்தார். உதடு திறக்கவில்லை.

"மிளகு."

இத்தனை மாதத்தில் அவ்வளவு தெளிவாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

"அடுத்த வாட்டி போடுறேம்மா. இருமல் வந்தா உள்ள போயிடும். உள்ள போச்சுன்னா..."

அண்ணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இவ்வளவு பாடுபட்டு ஒரு மிளகில் வந்து நிற்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். இடிக்கும் சத்தம் ஒரே ஒருமுறை கேட்டது. உள்ளங்கையில் கொண்டுவந்த பொடியை முதலில் ஒரு தக்காளித் துண்டில் போட்டுத் தானே தின்றார். இருமல் வருகிறதா என்று தொண்டையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அண்ணிக்கு வைத்திருந்த துண்டில் தூவினார். நினைத்ததைவிடக் கூடவே விழுந்தது. எடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசிப்பதற்குள் அண்ணி வாயைத் திறந்துவிட்டார்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி முகவாயை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி, கண்ணை மூடி மென்றார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு உள்ளிருந்து ஒரு கரகரப்பு. என் கட்டைவிரல் போனில் இருந்தது. அண்ணி இன்னொருமுறை விழுங்கினார்.

"ஏதாவது பேசும்மா. ஒரு வார்த்த பேசு." தொண்டையில் ஏதாவது நின்றால் குரல் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"உப்பு... பத்தல" என்றார் அண்ணி. குரல் சுத்தமாக இருந்தது.

விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்பது பயிற்சிப் பெண் போட்ட சட்டம். அண்ணி திறந்தார். இவர் டார்ச் அடித்து, நாக்குக்கு அடியில், கன்னத்து இடுக்கில் எல்லாம் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடியும் பார்த்தார்.

"சரிம்மா, போயிடுச்சு. வாய மூடிக்க" என்றார்.

அண்ணி மூடவில்லை.