கொட்டச்சேட்டுக் குறுக்குப் பாதை

சர்க்கரை வந்ததும் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நான் கியர் சைக்கிள் வாங்கினேன். சொன்ன அளவோடு எதையும் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. ஹெல்மெட், கையுறை, தொடையை இறுக்கிப் பிடிக்கும் கால்சட்டை எல்லாம் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து விடியலில் கிளம்பி, குப்பனூர் வழியாக ஏற்காட்டு மலை ஏறுவேன். ஏறுவேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான், பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போவேன்.

போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். நாம் போன பாதையை அது கோடாக வரைந்து கொடுக்கும். அதற்கு ஒரு பெயர் வைத்து, போட்டோ சேர்த்துப் போட்டால், முகம் தெரியாத ஆட்கள் வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். வீட்டில் யாரும் என்னைப் பாராட்டிப் பல காலமாகிறது. அந்தக் கட்டைவிரல்களுக்காகத்தான் மூச்சிரைக்க மிதித்தேன். உடம்புக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

தார் ரோட்டுக்குக் கட்டைவிரல் கிடைப்பது குறைந்தபோது, யாரும் போடாத பாதைகளைத் தேட ஆரம்பித்தேன். வாழவந்திப் பக்கம் இரண்டு கிடைத்தன. மூன்றாவது கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு காப்பி எஸ்டேட்டின் ஓரத்தில் மூங்கில் படல் ஒன்று கட்டியிருந்தது. நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு அம்மா தலையில் கொய்யாக் கூடையோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். படலைத் திறந்து வெளியே வந்து, மறுபடி இழுத்துக் கட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், வழி தப்பிட்டீங்களா?"

"இல்லம்மா, இது எங்க போகுது?"

"எங்கூருக்குங்க. கால் மணி நேரத்துல போயிரலாம். ரோட்டுல சுத்துனா ஒரு மணி நேரமாவுமுங்க."

போய்ப் பார்க்கலாமா என்றேன். அவர் என் சைக்கிளை ஒரு பார்வை பார்த்தார்.

"போங்க. ஏறி ஓட்டாதீங்க, தள்ளிட்டுப் போங்க. செடியில கை வெக்காதீங்க. படல மறக்காமக் கட்டிருங்க, இல்லீனா காட்டுமாடு பூந்துரும். ரைட்டர் வந்தா ஒதுங்கி நில்லுங்க. அவரு பாக்காத மாதிரிப் போயிருவாரு. நீங்களும் ஒண்ணும் பேசாதீங்க."

எஸ்டேட் அந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்த அனுமதி அவ்வளவுதான். எழுத்தில் எதுவும் இல்லை. எஸ்டேட் கணக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொள்கிற ரைட்டர் பார்க்காத மாதிரிப் போவார், இவர்கள் செடி நோகாமல் நடப்பார்கள். அப்படியே பல வருடமாக நடந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா சொன்னபடியே செய்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், படலைக் கட்டினேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, மிளகுக் கொடிகளுக்குக் கீழே, ஒற்றையடிப் பாதை அத்தனை அழகாக இருந்தது. அன்று சாயங்காலமே அதை ஆப்பில் போட்டேன். 'சேர்வராயன் மலையின் ரகசியப் பாதை' என்று தலைப்பு. படலுக்கு எங்கே திரும்பவேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு போட்டோ. அந்த அம்மா சொன்ன ஒன்றையும் எழுதவில்லை. எழுதினால் சுவாரசியம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். இதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

கட்டைவிரல்கள் குவிந்தன. பைக்கில் போய்வந்த ஒரு கூட்டம் எனக்கு நன்றி கூடச் சொல்லியிருந்தது. பைக்கிலா என்று ஒரு நிமிடம் உறுத்தியது. அடுத்த நிமிடம் அந்த நன்றியை மறுபடி படித்தேன்.

மழைக்காலம் முடிந்து நான் போனபோது படல் இல்லை. அந்த இடத்தில் முள்கம்பி. எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கிய கும்பலில் அதே அம்மா இருந்தார், கூடவே அவருடைய மகள். மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், தினமும் முதல் பஸ்ஸில் போகிறவள், அன்று ஏற்காட்டு பஜாருக்கு அம்மாவோடு போய்விட்டு வருகிறாள். அம்மா என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"வழிய அடச்சுட்டாங்க சார். எந்தப் பாவியோ போன்ல போட்டு உட்டுட்டான். பைக்கா வந்து, காப்பி பூத்திருக்கறப்ப செடியெல்லாம் முறிச்சு, படலத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. காட்டுமாடு பூந்து நொம்பச் சேதமுங்க. மொதலாளி கம்பி போடச் சொல்லிட்டாரு. இப்ப இருட்டுல நாலரைக்கே கெளம்பிப் புள்ளயக் கூட்டியாறேன். மாடு நிக்குமோனு உசுரக் கையில புடிச்சுட்டு. படிச்சது போதும்னு இவங்கப்பா சொல்றாருங்க."

"யாருங்க அப்படிப் பண்ணினது?" என்றேன்.

அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். குரலில் கோபம் கூட இருந்தது.

"நீங்க படிச்சவங்க. ரைட்டருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார். நாங்க சொன்னா எடுபடாதுங்க."

மறுக்க வழியில்லாமல் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். ரைட்டர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தன் போனை எடுத்து என் பாதையை எனக்கே காட்டினார். தலைப்பு, போட்டோ, கீழே என் முழுப் பெயர்.

"அந்தப் புள்ள படிப்பு கெடறது எனக்கும் சங்கடந்தானுங்க. இதப் போட்ட ஆளு நேர்ல வந்து, தெரியாமப் பண்ணிட்டேன், எடுத்துட்டேன்னு மொதலாளிக்கு எழுதிக் குடுத்தாக்கூடப் போதும். அத வெச்சு நான் பேசிக் கம்பியத் தொறக்க வெப்பேன். பேரு இருக்குது, ஆளுதான் யாருனு தெரியல. உங்களுக்குத் தெரியுங்களா?"

அவர் என் பெயரைக் கேட்கவில்லை, சார் என்றே பேசிக்கொண்டிருந்தார். மேசையில் காகிதமும் பேனாவும் இருந்தன. இரண்டு வரி எழுதினால் முடிந்துபோகும். சத்தம் போடுவாரோ, சேலத்தில் யாருக்காவது சொல்லிவிடுவாரோ, பணம் கேட்பார்களோ என்று என்னென்னவோ ஓடியது. உண்மை அதுவும் இல்லை. அவர் எதிரே அந்த இறுக்கமான கால்சட்டையோடு உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாவி நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

"தெரியலீங்க" என்றேன்.

வெளியே வந்து, ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று, பாதையை ஆப்பிலிருந்து அழித்தேன். அவர்களுக்காக அழித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என் பெயருக்காகத்தான் அழித்தேன்.

ரோட்டில் தாயும் மகளும் காத்திருந்தார்கள். பேசிப் பார்த்தேன், முடியாதாம் என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்காவப் போய்ப் பேசுனீங்களே, அதே பெருசுங்க சார். ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

நேரமாகிவிட்டது என்று சைக்கிளைத் திருப்பினேன். அப்போது மகள் கேட்டாள்.

"சார், போன்ல போட்டவங்க பேரு அதுலயே இருக்குமுங்களே? தேடிப் புடிச்சுக் கேட்டுப் பாக்கலாமுங்களா? நான் கேட்டா எழுதிக் குடுப்பாங்கன்னு தோணுதுங்க."

"பேரெல்லாம் இருக்காது கண்ணு" என்றேன்.

அவள் நம்பினாள். அம்மாவிடமிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தாள்.