அறுபத்து நாலுக்கு ஒரு அடி

போன வருடம் மாசி மாதம். லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு வாசலில் உறைபனியில் வழுக்கி விழுந்து, என் பதினைந்து வயது மகள் இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவளுடைய இளையோர் இசைக்குழுவின் கச்சேரிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அது ஒரு புதுமாதிரியான குழு. ஒரு பக்கம் ஸ்கொட்லாந்து வயலினும், பேக்பைப் என்கிற துருத்திக் குழலும். மறுபக்கம் கமலான் என்கிற இந்தோனேசிய வெண்கல வாத்தியங்கள். இரண்டையும் கலந்து பிள்ளைகள் வாசிப்பார்கள். மகள் வயலின் வரிசையில் முதல் ஆள். கையில் பிளாஸ்டர் போட்டதும் அந்த இடம் போய்விட்டது.

ஒரு கையால் வாசிக்கக்கூடியது எது என்று அவளே ஆசிரியையிடம் கேட்டாளாம். பின்வரிசையில் தொங்கும் கோங் என்கிற பெரிய வெண்கல வட்டத் தட்டைக் கொடுத்தார்கள். மெட்டின் ஒரு சுற்று முடிகிற இடத்தில், அறுபத்து நாலு எண்ணிக்கைக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு அது அவமானமாகப் பட்டது. ஆறு வருடம் வயலின் படித்த பிள்ளை மூலையில் நின்று எப்போதாவது ஒரு தடவை அடிப்பதா? அவளிடம் கேட்காமலே, மகள் இனி வரமாட்டாள் என்று ஆசிரியைக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் மகள் என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"அப்பா, நீங்கள் அனுப்பினது பிழை. நான் வாறன் எண்டு மிஸ்ஸுக்குச் சொல்லிப்போட்டன்."

"ஒரு அடி அடிக்கிறதுக்கு நீ வேணுமோ? அது ஆருக்கும் ஏலும்."

"அப்ப எனக்கும் ஏலும்தானே," என்றாள்.

நான் அவளைக் கொண்டுபோய் விடவில்லை. சனிக்கிழமைகளில் கழுத்தில் தொங்கிய கையோடு தனியாக ரயில் ஏறிப் போனாள். வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அகப்பையால் குஷனில் அடித்துப் பழகினாள். சாப்பிடும்போதுகூட வாய் எண்ணிக்கொண்டிருக்கும்.

மனைவி இழுத்துக்கொண்டு போனதால்தான் கச்சேரிக்குப் போனேன். கடைசியாக வேகமான ஸ்கொட்லாந்து நடன மெட்டு ஒன்று. சபை உற்சாகத்தில் கைதட்டத் தொடங்கியது. கைதட்டல் தாளத்தை முந்தி ஓட, வயலின்காரர்கள் அதன் பின்னால் ஓடினார்கள். வெண்கலப் பக்கத்திலும் இரண்டு பேர் தடுமாறினார்கள். சங்கீதம் தெரியாத எனக்கே குழப்பம் காதில் விழுந்தது. பேக்பைப் வாசித்த உயரமான பெண் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மகள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவசரப்படாமல், தன் இடம் வரும்வரை காத்திருந்து அடித்தாள். அந்த ஒலி தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. பேக்பைப் பெண் அங்கிருந்து மெட்டைப் பிடித்துக்கொண்டாள். வயலின்கள் ஒவ்வொன்றாக அவளோடு சேர்ந்தன. அடுத்த கோங் விழுந்தபோது மேடை முழுவதும் ஒரே இடத்தில் வந்து இறங்கியது.

முடிந்ததும் அந்தப் பெண் ஓடிவந்து மகளைக் கட்டிப்பிடித்தாள். நீ அடித்திருக்காவிட்டால் நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பேன் என்று இங்கிலிஷில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். 

திரும்பி வரும் ரயிலில்தான் வாய் திறந்தேன். "நான் செய்தது பிழையம்மா."

"ஓம் அப்பா," என்றாள். அதில் கோபமும் இல்லை, விட்டுக்கொடுப்பும் இல்லை.

மணிக்கட்டு ஆறி, மகள் இப்போது பழையபடி வயலின் வாசிக்கிறாள். நான்தான், ஒருவர் செய்யும் வேலையைச் சின்னது என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அன்று அவள் எண்ணிக்கொண்டு காத்திருந்ததை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.