இருபத்து மூன்று நிமிடப் பாதை

எங்கள் அலுவலகத்தில் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பெண்ணை யாராவது மேஸ்திரி என்பார்களா என்று கேட்காதீர்கள். மலையைத் தூக்கி வைத்தவர், ஆற்றை வெட்டியவர், பதினோரு ஊர்களுக்குப் பாதை போட்டவர், அவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குள்தான். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஆறு வருடமாக ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். மந்திரவாதிகளும் நாகங்களும் இடிந்த கோட்டைகளும் உள்ள ஒரு கற்பனை நாடு. விளையாடுகிறவர் அதில் ஒரு வீரனாகவோ சூனியக்காரியாகவோ புகுந்து எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். எங்களுக்குப் பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை, ஏழு நாற்காலி, பாதி நாள் வேலை செய்யும் ஒரு ஏசி. அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

மேஸ்திரி இங்கே வருவதற்கு முன் பதினான்கு வருடம் வீடு கட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார்.

"படத்துல பத்துக்குப் பத்து போடுவேன். கட்டி முடிச்சா எட்டரைக்கு எட்டரை இருக்கும். குடிவர்றவங்க கட்டினவனைத் திட்டமாட்டாங்க, என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

நாற்பது வயதுக்கு மேல், மகள் காலேஜ் போன பிறகு, கணினியில் நிலம் செய்யும் வித்தையைத் தானாகவே கற்றுக்கொண்டு எங்களிடம் வந்தார். டவுன் பஸ் ஓட்டும் அவர் கணவர், "இல்லாத ஊருக்கு ரோடு போடறதுக்குச் சம்பளமா?" என்று சிரித்தாராம். மேஸ்திரி, சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இங்கே எந்த ஒப்பந்தக்காரனும் தான் போட்ட அளவில் ஒன்றரை அடி திருடமாட்டான் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டவன் நான்தான்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைப்பார். பிறகு தன் வீரனை மெதுவாக நடக்கவிடுவார். ஓடவே மாட்டார். இருபது அடி நடந்தால் நின்று ஒரு கல்லை நகர்த்துவார், ஒரு மரத்தைத் திருப்பி வைப்பார், மறுபடி முதலிலிருந்து நடப்பார். துறைமுகத்திலிருந்து மலைக்கோட்டைக்குப் போகிற பாதைக்கு மட்டும் ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். உருளை உடைந்த ஒரு கிணறு, யாரோ சாய்ந்து சாய்ந்து வழுவழுப்பான ஒரு கல், கடல்காற்று தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த மரங்கள். அந்தப் பாதையில் திருடனையும் வியாபாரியையும் சண்டையையும் வைப்பது அவர் வேலையல்ல. அது முதலாளி வேலை. அவரை முதலாளி என்று கூப்பிட்டால் கோபம் வரும். அதனாலேயே நாங்கள் அப்படிக் கூப்பிட்டோம்.

என் வேலை சோதனை. எல்லாப் பாதைகளிலும் நடந்து, எங்கே கால் தரைக்குள் இறங்குகிறது, எங்கே சுவருக்குள் மாட்டுகிறது என்று பார்த்து ஷீட்டில் எழுத வேண்டும். பாதையின் பெயர், குறை, நடக்க எடுத்துக்கொண்ட நேரம். இருநூற்றுப் பதினான்கு பாதைகள். ஒவ்வொன்றையும் நாற்பது ஐம்பது முறை நடந்தால் ஆயுசு போதாது. அதற்காக எங்கள் புரோகிராமர் ஒரு பட்டன் செய்து கொடுத்தார். கீபோர்டில் எஃப் ஒன்பதை அமுக்கினால் எட்டு மடங்கு வேகம். விளையாடுகிறவர்களுக்கு அந்தப் பட்டன் கிடையாது, எங்களுக்கு மட்டும்தான். முதலாளி முதல் விளையாட்டுக்குப் பாட்டுப் போடுகிறவர் வரை எல்லாரும் அதை அமுக்கிக்கொண்டுதான் அந்த நாட்டில் திரிந்தோம். அமுக்காமல் நடந்தவர் மேஸ்திரி ஒருவர்தான். கடைசிச் சோதனையில் மட்டும் யாரும் அதைத் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்.

கடைசிச் சோதனையிலும், மிஞ்சியிருந்த ஒரே ஒரு நீளப் பாதையில் நான் அதை அமுக்கினேன். சோம்பல் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மையில் எனக்கு அந்த நாடு அலுத்துப் போயிருந்தது. துறைமுகம் – மலைக்கோட்டை, குறை எதுவும் இல்லை, நேரம் மூன்று நிமிடம். வாய் கூசாமல் சொல்வார்களே, நான் கை கூசாமல் எழுதினேன்.

முதலாளியிடம் ஒரு கணக்கு உண்டு. விளையாடுகிறவரை மூன்று நிமிடத்துக்கு மேல் சும்மா விடக்கூடாது. ஆறு நிமிடப் பாதை என்றால் நடுவில் ஒரு திருடன், பன்னிரண்டு நிமிடம் என்றால் மூன்று சம்பவம். அவர் என் ஷீட்டைத் திறந்து, மூன்று என்று பார்த்து, அந்தப் பாதையில் எதையும் வைக்காமல் அடுத்ததற்குப் போய்விட்டார். ஒரு நாய்கூட இல்லை.

விளையாட்டு வெளியான முதல் நாள் பாராட்டு அள்ளிக்கொண்டு வந்தது. ஏழு பேர் செய்ததா, நம்ப முடியவில்லை என்றார்கள். மறுநாள் மற்றவர்கள் வந்தார்கள். "நடைப்பயிற்சிக்கு நல்லது, ஒரு கிலோ குறைந்துவிட்டேன்" என்று ஒருவர். "கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் எதற்காகப் போகிறேன் என்பதே மறந்துவிட்டது" என்று இன்னொருவர். விமர்சனம் எழுதுகிற பெரிய தளம் ஒன்று பத்துக்கு ஆறு போட்டு, யாருமே வாழாத அழகான நாடு என்று தலைப்பு வைத்தது. ஐந்தாம் நாள் விற்பனைப் பக்கத்தில் எங்கள் பெயருக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் இரண்டு சொல் வந்து உட்கார்ந்தது: கலவையான வரவேற்பு.

"மேஸ்திரி இருக்கிற இடத்துல கலவை இல்லாம இருக்குமா" என்றார் பாட்டுப் போடுகிறவர். எல்லாரும் சிரித்தோம். மேஸ்திரியும் சிரித்தார். அவர் போனில் கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தார். திட்டியவற்றையும் படித்தார், இரண்டு முறை.

மறுவாரம் முதலாளி எல்லாரையும் உட்காரவைத்தார்.

"பாதை ரொம்ப நீளம்க்கா. இவ்ளோ நீளமா யாரு போடச் சொன்னது?"

"நீங்கதான் நாடு பெரிசா இருக்கணும்னீங்க."

"பெரிசா இருக்கணும்னேன். காலியா இருக்கணும்னா சொன்னேன்?"

"ஆளுங்கள வைக்கறது என் கையில இல்லையேப்பா."

"ஷீட்ல மூணு நிமிஷம்னு இருக்கு. விளையாடறவங்க இருபத்து மூணுங்கறாங்க. நடுவுல நீங்க இழுத்து நீட்டினீங்களா?"

"நான் அதுக்கப்புறம் தொடவே இல்ல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்து மூன்றை எட்டால் வகுத்துப் பார்க்க அந்த அறையில் ஒரு நொடி போதும். ஆனால் ஆறு வருடமாக எங்கள் விரல் அந்தப் பட்டன் மேலேயே இருந்ததால், அது இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு மட்டும் அன்று மறக்கவில்லை. புரோகிராமரும் தலையைத் தூக்காமல் தன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்திருக்கும் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

"நீ பார்த்தப்போ மூணு நிமிஷம்தானே?" என்றார் முதலாளி.

"ஆமா. நான் பார்த்தப்போ மூணுதான் ஆச்சு."

பொய் இல்லை, பாருங்கள். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மேஸ்திரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தேகப்படுகிறாரோ என்று நினைத்தேன். அவர் சந்தேகப்பட்டது என்னை அல்ல.

"அப்ப நான்தான் ஏதாவது மாத்திட்டேனோ என்னமோ" என்றார். "துண்டு துண்டாத்தான் நேரம் பாத்தேன், முழுசாக் கூட்டிப் பாக்கல. கடைசி மாசம் ரொம்ப வேலை. ஞாபகம் இல்ல."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து என் வாயைக் கட்டிப்போட்டன என்று சொன்னால் அதுவும் சாக்குத்தான்.

மூன்று மாதம் கொடுங்கள், அந்தப் பாதையில் நானே ஆட்களை வைக்கிறேன், வியாபாரி, மாடு மேய்ப்பவர், கோபக்காரக் கிழவன் என்று என் மனதில் எல்லாரும் தயாராக இருக்கிறார்கள் என்று மேஸ்திரி கெஞ்சினார். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் எழுத்து ஒரு நாள் கூடுதலாக நின்றால் அதைப் பார்த்துவிட்டு இன்னும் நூறு பேர் வாங்காமல் போவார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. பாதையை நான்கு நிமிடமாக வெட்ட முடிவானது. போட்டவருக்குத்தான் எங்கே வெட்டினால் உடையாது என்று தெரியும் என்று அந்த வேலையையும் அவர் தலையிலேயே கட்டினார்கள்.

மூன்று வாரம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கிணறு போயிற்று. கல் போயிற்று. மரங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்து அழிப்பார், பிறகு இரண்டு ஓரத்தையும் ஒட்டவைத்து, கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெட்டின பாதையிலும் மெதுவாக நடந்து பார்ப்பார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புதிய பதிப்பு வெளியான வாரமே மஞ்சள் எழுத்து பச்சையாயிற்று. பெரும்பாலும் நல்ல வரவேற்பு. முதலாளி எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கினார். மாற்றங்களின் பட்டியலில் ஏழாவதாக ஒரு வரி இருந்தது: பாதையின் நீளத்தில் இருந்த பிழை சரிசெய்யப்பட்டது. மேஸ்திரி அன்று லீவு. அடுத்த மாதம் வேலையை விட்டார். மறுபடி வீடுகளுக்கு வரைபடம். இந்த முறை அடுக்குமாடி, ஒரே மாதிரி சமையலறை நூற்று இருபது.

கடைசி நாள் மத்தியானம் எங்கள் சின்னச் சமையல் மேடையில் இரண்டு டீ போட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்தே மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் அவர்தான் முதலில் பேசினார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பழைய பாதையில நீ நடந்தியேப்பா, எப்படி இருந்துச்சு? நம்ம ஆளுங்க யாரும் அதப் பத்திச் சொல்லவே இல்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். நான் ஒரு அடிகூட நடந்ததில்லை என்று அந்த முகத்திடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நல்லதாக ஏதாவது சொல்வோம் என்று தோன்றியது. எங்கோ ஒரு கருத்தில் படித்தது நினைவில் இருந்தது.

"கடைசித் திருப்பத்துல கடல் மறையும் பாருங்க, அங்க என்னை அறியாம நின்னு திரும்பிப் பாத்தேன்க்கா. ஊரை விட்டுப் போற மாதிரி இருந்துச்சு."

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"அது ஒரு நர்ஸம்மா எழுதினது. டியூட்டி முடிஞ்சு வந்து தினம் கொஞ்ச தூரம் நடப்பாங்களாம். எண்ணூத்திப் பன்னெண்டாவது கருத்து. நானும் படிச்சேன்."

குரலில் கோபம் இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார், பையைத் தோளில் மாட்டினார். பிறகும் உடனே கிளம்பவில்லை. நான் வேறு ஏதாவது சொல்வேன் என்பதுபோல வாசல் பக்கம் நின்றார். அப்போதும் ஷீட்டைப் பற்றிச் சொல்ல நேரம் இருந்தது.

"பஸ் வந்துடப் போகுதுக்கா" என்றேன்.