நாடகத்தை விழுங்கிய கணினி

என் கணவர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரத்தையும் பழுது பார்க்காமல் ஸ்கிராப்பில் போடுவது அவருக்குப் பெரும் பாவம். புனேயில் தாபோடியில் இருக்கும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற மிக்ஸியின் மோட்டார் ஒரு கம்பெனி, ஜார் வேறு கம்பெனி, மூடி எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர்தான் எங்கள் கணினியைக் கெடுத்தார்.

காலனியின் பொங்கல் விழாவுக்கு நான் ஒரு நாடகம் எழுதியிருந்தேன். வேலூரிலிருந்து புனேக்கு வரும் ஒரு மாமியார், மராத்தி மருமகளின் சமையலோடு மல்லுக்கட்டும் கதை. மழைக்காலம் முழுக்க ஒற்றை விரலால் தட்டித் தட்டி முடித்தேன். அதற்கு நோட்டீஸ் அடிக்கிறேன் என்று கிளம்பினார் இவர். தலைப்பு வளைவு நெளிவாக இருக்க வேண்டுமாம். இலவசத் தமிழ் எழுத்துரு தேடிப் போய், பச்சையாக மின்னிய டவுன்லோட் பொத்தானை எல்லாம் அமுக்கினார். எழுத்துரு வரவில்லை. வைரஸ் வந்தது.

மறுநாள் கணினியைத் திறந்தால் விளம்பரங்கள் தானாகத் துள்ளி விழுந்தன. கோப்புகளின் பெயரெல்லாம் மாறிக் கிடந்தது. நாடகத்தைத் திறந்தேன், பக்கம் பக்கமாக வெறும் கட்டங்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காகிதத்தில் ஒரு பிரதிகூட இல்லை. யாருக்காக எடுப்பது? நடிக்கிற பிள்ளைகள் தமிழ் பேசுவதே இழுத்து இழுத்துத்தான். படிப்பது சுத்தமாகக் கிடையாது. ஆளாளுக்கு வசனத்தை நானே போனில் பேசி அனுப்ப வேண்டியிருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே நடிகர், மாமனார் வேஷம் போட்ட என் கணவர். அவரை மட்டும் கணினியில் பார்த்துப் படித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

ஸ்டேஷன் பக்கத்துக் கணினிக் கடைக்காரர் என்னைக் காக்கூ, அதாவது மராத்தியில் சித்தி, என்று மரியாதையாகக் கூப்பிடுவார். சோதித்துப் பார்த்துவிட்டு இந்தியும் மராத்தியுமாக இரண்டு வழி சொன்னார். ஃபார்மேட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் இன்று சாயங்காலமே தந்துவிடுவார், ஆனால் உள்ளே இருப்பது எதுவும் மிஞ்சாது. பழுது பார்த்தால் நாடகம் ஒருவேளை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். சரியானதுபோலத் தெரிந்தாலும் ஏதாவது மூலையில் வைரஸ் பதுங்கியிருக்கும், தன் கணினியாக இருந்தால் அதில் பேங்க் வேலை பார்க்கவே மாட்டேன் என்றார்.

என் கணவர் உடனே பழுதுக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

"மனுசனுக்குக் காய்ச்சல் வந்தா ஆளையே மாத்துவோமா? ரிப்பேர் பண்ணிப் பாக்கலாம்."

"காய்ச்சலக் கொண்டாந்தது யாருங்க?" என்றேன்.

கடைசியில் பழுது பார்க்கவே விட்டுவிட்டு வந்தோம். இவர் தினமும் சாயங்காலம் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, திரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் பச்சைக் கோட்டையே பார்த்துவிட்டு வருவார். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டு வருகிறவர் போல முகம் தொங்கியிருக்கும். நானும் விடாமல் குத்திக் காட்டினேன். பொங்கலோ நெருங்கிக்கொண்டிருந்தது. நாடகத்தைக் கைவிட்டுவிட்டுப் பிள்ளைகளை ஏதாவது சினிமாப் பாட்டுக்கு ஆடவிட வேண்டியதுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

மாமியாராக நடிப்பவள் என் மகள். அன்று பாத்திரம் துடைத்துக்கொண்டே அவள் பாட்டுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பருப்புல வெல்லத்தப் போட்டு வச்சிருக்கியே…" என்று தொடங்கி, நின்று இரண்டு முறை இருமிவிட்டு, "என் நாக்க என்னான்னு நெனச்சே நீ?" என்று முடித்தாள்.

அந்த இடத்தில் நான் இருமல் எழுதவே இல்லை. எதற்கு இருமுகிறாய் என்று கேட்டேன்.

"நீ அனுப்புன வாய்ஸ்ல இருந்துச்சும்மா. நல்லா இருக்குன்னு அப்படியே வச்சுக்கிட்டேன்."

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். படிக்கத் தெரியவில்லையே என்று எந்தப் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தேனோ, அவர்கள் போனில்தான் என் மாமியாரும் மருமகளும் பத்திரமாக இருந்தார்கள். என் இருமலோடு, குக்கர் விசிலோடு.

உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஸ்டூலில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். ஃபார்மேட் அடித்துவிடுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னேன். இவர் பதறி எழுந்தார். விஷயத்தைச் சொன்னதும் மெல்ல உட்கார்ந்து, "அப்ப என்னோட பார்ட்டு?" என்றார்.

அது போனது போனதுதான். அவருக்கு நான் எதையும் பேசி அனுப்பவில்லை. அவரும் ஒரு வரிகூடப் பாடம் பண்ணவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. மாமனாருக்குப் புதிதாக ஒரே ஒரு வசனம் வைத்தேன். வீட்டில் என்ன சண்டை வந்தாலும் அவர் நாற்காலியை விட்டு எழாமல், "ரிப்பேர் பண்ணிப் பாக்கலாம்" என்று சொல்ல வேண்டும்.

வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்கும் வாய்ஸ்ல அனுப்பேன். எல்லாருக்கும் அனுப்பினியே."

பக்கத்து அறைக்குப் போய்ப் பேசி அனுப்பினேன். விழா முடிந்தும் அதை அவர் அழிக்கவில்லை.