ஜீப் சறுக்குகிறது

பத்தே நிமிடத்தில் நான் திருத்திக் கொடுத்த ஒரு வரி, என் மகளைப் போளூர் மலைச்சாலையின் வளைவில் ஒரு ஜீப்புக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

பதினெட்டு வருடமாகத் திரைக்கதை எழுதுகிறேன். தொடங்கிய காலத்தில் யாராவது ஒரு சீனை மாற்றச் சொன்னால் மூன்று நாள் சண்டை போடுவேன். பிறகு கை பழகிவிட்டது. கரெக்‌ஷன் கேட்டால் டீ ஆறுவதற்குள் கொடுத்துவிடுவேன். 'அக்கா செம ஃபாஸ்ட்' என்பார்கள். அதுதான் அனுபவம் என்று நானும் நம்பினேன்.

அந்த வரியை எழுதிய படத்தின் கதை டிஸ்கஷன் நாயுடுபுரத்தில் என் வீட்டிலேயே நடந்தது. மகள் நிவேதா அதில் உதவி இயக்குநராகச் சேர்ந்தாள். அவளுக்கு அது முதல் படம். படப்பிடிப்பின் நான்காம் நாள் காலை இயக்குநர் போன் செய்தார். இருபத்தேழாம் சீனில் அப்பாவும் மகளும் பனிமூட்டத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டுச் சண்டை போடுவார்கள்.

"கிக் பத்தலக்கா. ஏதாவது ஆகணும்."

அந்தச் சண்டை ஏன் எடுபடவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. 'மகள் இறங்கி நடக்கிறாள். ஜீப் பின்னோக்கிச் சறுக்குகிறது' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தோசை சுடப் போனேன்.

மதியம் ஸ்பாட்டுக்குப் போனபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒத்திகையில் நடிகைக்குப் பதிலாக உதவி இயக்குநர் ஒருவரை நிறுத்துவது வழக்கம். உயரம் ஒத்துப்போனதால் நிவேதாவை நிறுத்தியிருந்தார்கள். காலை மழையில் மண் இளகியிருந்தது. சக்கரத்துக்கு வைத்த கல் நழுவியது. பனியில் எனக்கு ஜீப் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. ஓட்டுநர் குருசாமி வண்டியை மேட்டுப்பக்கம் ஒடித்து மண்சுவரில் மோதி நிறுத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தபோது ஜீப்புக்கும் நிவேதாவுக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது. அவளுக்குப் பின்னால் பள்ளம்.

இயக்குநர் மானிட்டரைப் பார்த்தபடி, "சூப்பரா இருந்துச்சு. ரெக்கார்ட் பண்ணாம விட்டுட்டோமே" என்றார்.

குருசாமி என்னிடம் வந்தார். "உங்க பிள்ளைங்களா? வெரசா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த வளைவுல வண்டிய வழுக்கவிடுன்னு எழுதுன மகராசன் யாருன்னு தெரியல. கையில கெடச்சா, பூண்டு மூட்டைய ஏத்தி நாலு நாள் இங்க ஓட்டவிடணும்."

"நான்தாங்க எழுதுனேன்."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கல் தேடப் போனார்.

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து முந்தைய சீன்களைப் படித்தேன். இருபத்தாறிலேயே அப்பா மன்னிப்புக் கேட்டுவிடுகிறார். அப்புறம் சண்டைக்கு எங்கே வலு இருக்கும்? மன்னிப்புக் கேட்கும் அந்த இரண்டு வரியை அடித்தால் போதும், ஜீப் நகரவே வேண்டாம்.

அதை அடித்துக் கொடுத்த தாளை இயக்குநர் வாங்கிப் பார்த்தார். "சறுக்குறது இருக்கட்டும்க்கா, சேஃப்டி பாத்துக்கலாம்."

"அப்ப பள்ளத்துப் பக்கம் நீங்க நில்லுங்க தம்பி. நான் மானிட்டர் பாக்குறேன்."

இயக்குநர் திருத்திய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் நிவேதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அத ஏம்மா எழுதுன?"

இப்போது யார் திருத்தம் கேட்டாலும் முந்தைய பக்கங்களில்தான் முதலில் தேடுகிறேன். பிறகு, எழுதிய வரியில் யார் போய் நிற்கப்போகிறார்கள் என்று பார்க்கிறேன். ஒரு சீனுக்கு மறுபடியும் மூன்று நாள் ஆகிறது. என்னை ஃபாஸ்ட் என்று யாரும் சொல்வதில்லை.